நான்கு பேருக்குப் பால் மறக்கடித்தது

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர்க் கம்பிகளில் ஆறு பீர் பாட்டில்கள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான், அப்பாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பாட்டில்களைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். ஆயுளில் அந்தக் கடைப் பக்கம் ஒதுங்கியே அறியாத அப்பா, "கன்னுக்குட்டிக்குங்க மாமா" என்றார். வந்தவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இருக்கட்டும் மாப்ள. லாரிப் பட்டறை வேலைன்னா ஒடம்பு வலி இருக்கத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை.

பாட்டில் யோசனை என்னுடையது இல்லை. கால்நடை மருந்தக டாக்டரம்மா சொன்னது. கண்ணாடி என்றால் சுடுதண்ணீரில் கழுவலாம், ரப்பர் காம்பு அதன் வாயில் கச்சிதமாக உட்காரும். பாட்டில்களை அப்பாவின் பட்டறைக்கு வரும் டிரைவர்களிடம் கேட்டு வாங்கி வந்ததும் அப்பாதான். ஆனால் பழி என்னவோ என் மேல்தான்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில், கரும்புக்காடும் கோழிப்பண்ணையும் மாறி மாறி வரும் வழியில் இருக்கிறது. வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. அதில் செவலை, கன்று போட்ட ஒன்பதாம் நாள் வரப்போரம் மேயும்போது பாம்பு தீண்டிச் செத்துப்போனது. மிச்சமிருந்த கருப்பு மாடு பால் தாராளமாகத் தரும், ஆனால் அடுத்தவள் பிள்ளையை மடிக்குப் பக்கத்தில் விடாது. இரண்டு முறை விட்டுப் பார்த்தோம். இரண்டு முறையும் கன்று உதை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் போய் மோதியது. கறந்த பாலைப் பாட்டிலில் ஊற்றிப் புகட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கறப்பது அப்பா. புகட்டுவது யார்? அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் ஆறு மாதமாகக் கை காதுக்கு மேல் ஏறாது. அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவதே நான்தான். கம்ப்யூட்டர் படித்து முடித்து, வேலைக்கான கடிதமும் வாங்கிவிட்டு, சேரச் சொன்ன நாளுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்குத்தான். எனக்கு உட்காரத் தெரியாது. பரண் மேலிருந்த பாத்திரங்களை இரண்டு முறை இறக்கி ஏற்றியிருந்தேன். அதனால் கன்று என் பொறுப்பானதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அப்பா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார். "நீ ஆவணியில பெங்களூரு போயிருவ அம்மிணி. அதுக்குள்ள இது பாட்டில மறந்து தானா தீவனம் திங்கோணும். இல்லீன்னா மாட்டு புரோக்கர்கிட்டச் சொல்லி ஓட்டி உட்ருவேன். பாட்டில் குடிக்கிற கன்னு முட்டாம குடிக்காது. உங்கம்மாளுக்கு இருக்கற கையும் போயிரும்."

எனக்கு அம்மாவை நினைத்துத்தான் சங்கடமாக இருந்தது. நான் பிறந்தபோது, எனக்குப் பால் வேண்டுமென்று வாழப்பாடியிலிருந்து அம்மாவின் அப்பா ஒரு மாட்டை வேனில் ஏற்றி அனுப்பினார். செவலை அதன் வழியில் வந்தது. இந்தக் கன்று போனால் அந்த வழியே எங்கள் மாட்டுக் கட்டுத்தரையில் இருக்காது. அம்மா இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கன்றின் முதுகில் தடவிக்கொண்டே, "போறதுன்னா போவட்டும், நம்ம கையில என்ன இருக்கு" என்பார். தடவுகிற கை மட்டும் நிற்காது.

முதல் வாரம் நான் புகட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பால் கன்றின் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்று செல்போன் வீடியோவில் பார்த்ததால், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சொம்புப் பாலில் முக்கி வைத்தேன். அப்பா கதவோரம் நின்று பார்த்தார்.

"ஏனம்மிணி, பாலுக்குக் காய்ச்சலா?"

"சூடு பாக்கறேனுங்கப்பா."

"எவ்வளவு இருக்குது?"

"நூத்தி ரெண்டுங்க."

"அப்ப மாத்திரை போட்டுக் குடு."

ஒரு பாட்டிலைக் கன்று குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. எனக்கோ பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்பது தண்டனை. ரப்பர் காம்பின் ஓட்டை சின்னது, அதுதான் தாமதம் என்று கண்டுபிடித்து, கோணி ஊசியைக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கினேன். அடுத்த வேளை பால் குபுகுபுவென்று இறங்கி, கன்றுக்கு மூச்சு முட்டி, மூக்கு வழியாகப் பால் வந்தது. இருமிக்கொண்டு முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்துவிட்டது. அப்பாதான் அதன் தலையைத் தாழ்த்திப் பிடித்து நெஞ்சைத் தேய்த்துவிட்டார். அது எழுந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பாட்டிலைத் தேடியது.

"மொபெட்டு கார்புரேட்டர்ல பெரிய ஜெட்டு போட்டா வண்டி அடைக்கத்தான செய்யும்" என்றார் அப்பா. "படிச்ச புள்ள." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் சொல்கிற தொனி எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு முறை கேட்கும்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பாட்டிலைக் கன்றின் தாடை உயரத்தில் பிடிக்க வேண்டும், அண்ணாந்து குடிக்க விடக்கூடாது. காம்பில் காற்று நிற்காமல் சாய்த்துக்கொள்ள வேண்டும். அது முட்டும்போது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்தால் பாட்டில் கை நழுவாது. மூன்று வாரத்தில் கன்று என்னை ஒரு மாடு என்றே முடிவு செய்துவிட்டது. துப்பட்டா முனை, சட்டைப் பொத்தான், முழங்கை என்று எது அகப்பட்டாலும் சப்பும். காய்ந்த துணி எடுக்கப் போனால் பின்னாலேயே வரும். என் சுடிதார் ஒன்றில்கூட ஈரமில்லாத மூலை இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது வாரம் பால் மறக்கடிக்கும் திட்டத்தை ஒரு சார்ட்டில் எழுதி, கட்டுத்தரைத் தூணில் ஒட்டினேன். வாரத்துக்கு வாரம் பால் குறையும், கன்றுத் தீவனம் கூடும். இரண்டு நிறத்தில் கோடுகள் எல்லாம் போட்டிருந்தேன். கன்றுக்கு அது எட்டும் உயரம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கீழ்ப்பாதி மறுநாளே அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. "தீவனம் திங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் அப்பா. மேலே ஏற்றி மறுபடி ஒட்டினேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பாலைக் குறைத்தேன். கன்று கத்தியது. பால் குடித்த வாய் ஈரம் காய்வதற்குள் ஒரு பிடி தீவனத்தை வாயில் திணித்தேன். துப்பியது. நாட்டுச்சர்க்கரை கலந்தேன். சர்க்கரையை மட்டும் நக்கிவிட்டுத் துப்பியது. ஆனால் வாரா வாரம் அம்மாவின் தையல் டேப்பை வைத்து நெஞ்சுச் சுற்றளவு அளந்தால் கூடிக்கொண்டே போனது. மினுமினுவென்று மயிர், உருண்டையான வயிறு. தின்பதே இல்லை, ஆனால் வளர்கிறது. மருந்தக டாக்டரம்மா தடுப்பூசி போட வந்தபோது பார்த்துவிட்டு, "நல்லாதானே இருக்கு, என்ன குடுக்கறீங்க?" என்றார். "அளவாத்தாங்க மேடம்" என்று சார்ட்டைக் காட்டினேன். கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு, குறைந்த பாலில் கன்று வளர்ப்பது எப்படி என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே செய்தேன்.

அம்மா தன் பங்குக்கு ஒரு வழி சொன்னார். "வேப்பங்கொழுந்த அரைச்சு காம்புல தடவு. உனக்கு அப்பிடித்தான் பால் மறக்க வெச்சேன்."

"மறந்தனா?"

"எங்க மறந்த? துப்பட்டி நுனியால நீயே துடைச்சிட்டுக் குடிச்ச. மூணு வயசு வரைக்கும்."

வேப்பங்கொழுந்தை அரைத்து எல்லாக் காம்பிலும் தடவிவைத்தேன். காலையில் பார்த்தால் அத்தனையும் பளிச்சென்று இருந்தன. கன்றே நக்கித் துடைத்துவிட்டது, வாழப்பாடி வம்சத்துக்கே கசப்பு ஒரு பொருட்டில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

புறப்பட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கன்று கடித்துக் கடித்து ஒரு ரப்பர் காம்பு கிழிந்துபோனது. வேறு வாங்க மோகனூரில் மாட்டு மருந்தும் தீவனமும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காம்பை எடுத்து வைத்துவிட்டு, என்னை அக்கறையாகப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்கூட்ல எத்தனை கன்னுங்க?"

"ஒண்ணுதானுங்க."

"ஒண்ணா? போன மாசம் உங்கப்பா ரெண்டு காம்பு வாங்கிட்டுப் போனாருங்க. பக்கத்தூட்டுப் பெரியம்மா முந்தாநேத்து ஒண்ணு வாங்குனாங்க. அவங்ககிட்டயே சொல்லியுட்டு உங்கம்மாளும் ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க. நான் நீங்க பண்ணையே வெச்சுட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்."

வண்டியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் கோபமும் மாறி மாறி வந்தன. மறுநாள் தோழியைப் பார்க்க நாமக்கல் போவதாகச் சொல்லிவிட்டு, மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டேன். அதன் ஜன்னலிலிருந்து கட்டுத்தரை நன்றாகத் தெரியும்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிச் சந்து வழியாக வந்தார். முந்தானைக்குள் பாட்டில். "குடி சாமி, குடி. அரிசிக்கஞ்சி கலக்கியிருக்கறேன். கணக்குப் பாத்துச் சோறு போடற காலமாப் போச்சு" என்று கன்றின் காதில் சொன்னார்.

ஒரு மணிக்கு அப்பா. பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவர், தான் சாப்பிடும் முன்பு மொபெட் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். காம்பை எடுத்துத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வேப்பங்கொழுந்து எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கன்று பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ஏன் சாமி, என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். வயிறு நிறையக் கஞ்சி இருப்பதை அது எப்படிச் சொல்லும்?

நாலு மணிக்கு அம்மா வந்தார். அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தவள், அங்கே சிரிக்க முடியாமல் போனேன். அம்மா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையால் பாட்டிலைப் பிடித்திருந்தார். கன்று வழக்கம்போல முட்டியது. முட்டு நேராக வலது தோளில் விழுந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டிலை மட்டும் எடுக்கவில்லை. கன்று குடித்து முடித்த பிறகும் எழ முடியாமல், தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"அப்பா, ரப்பர் காம்பு ரெண்டு எதுக்குங்க வாங்குனீங்க?"

அப்பா ரசத்தைப் பிசைந்தார். "ஸ்பேரு."

"ஸ்பேரா?"

"ஸ்பேரில்லாம வண்டி எடுக்கலாமா?"

அம்மா சிரித்துவிட்டார். "நீ சிரிக்காத, உனக்கும் ஒண்ணு இருக்குது" என்றேன். சிரிப்பு நின்றது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயுமா? அதான பாத்தேன். மத்தியானம் பாட்டில நீட்டுனா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. சீக்கு வந்துருச்சுன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"பெரியம்மாளும் குடுக்கறாங்க. கஞ்சி" என்றேன்.

"வூட்டுல புள்ள கத்துனா சும்மா இருக்க முடியுமா?" என்றார் அம்மா. "நீ பாட்டுக்கு சார்ட்ட ஒட்டிட்டுப் போயிடற."

"முட்டுச்சாம்மா?"

"லேசாத்தான்."

லேசாக இல்லை என்பதை நான் அப்பாவிடம் சொன்னேன். பார்த்ததை அப்படியே சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் தோளைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்தவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை காலையில புரோக்கரு வாராரு. இன்னும் ஆறு நாளு இருக்குது அம்மிணி. அன்னைக்கு அது தீவனம் தின்னா இருக்கட்டும், இல்லீன்னா போவட்டும். இதுக்கு மேல இவ முட்டு வாங்கறத நான் பாத்துட்டு இருக்க முடியாது" என்றார்.

குரலில் விளையாட்டு இல்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடனே எல்லாப் பாட்டில்களையும் கொண்டுவரச் சொன்னேன். மொபெட் பெட்டியிலிருந்து இரண்டு, அரிசி டிரம்முக்குள்ளிருந்து ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று. பெங்களூருக்கென்று வாங்கி வைத்திருந்த புது சூட்கேஸில் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். இனி காலையில் ஒரு பாட்டில், மாலையில் ஒரு பாட்டில், நான் மட்டும்தான் கொடுப்பேன். புதன்கிழமை காலை மட்டும். வியாழக்கிழமை முதல் ஒன்றும் கிடையாது. தீவனமும் தண்ணீரும் எந்நேரமும் முன்னால் இருக்கும்.

வியாழக்கிழமை கன்று கத்தியதை நாமக்கல் வரைக்கும் கேட்டிருப்பார்கள். அப்பா மதியச் சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டார். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார். சீரியலிலும் யாரோ அழுதுகொண்டிருந்ததால் பெரிய பலன் இல்லை. பெரியம்மா வேலியோரம் நின்று என்னை ஏசினார்.

"பச்சப் புள்ளையப் பட்டினி போடறயே, நாளைக்கு உன்ற புள்ளைய என்ன பண்ணுவ?"

"மொதல்ல எனக்குக் கல்யாணம் ஆகோணுங்க பெரியம்மா."

"இந்த மனசுக்கு எவன் வருவான்?"

நான் கட்டுத்தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கன்று என் முழங்கையைச் சப்பியது. கையை இழுத்துக்கொண்டு, விரலில் தீவனத்தை ஒட்டி நீட்டினேன். சப்பியது, முகத்தைச் சுளித்தது, கத்தியது. மறுபடி நீட்டினேன். இப்படி எத்தனை முறை என்று தெரியாது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, தீவனம் வைத்த பிளாஸ்டிக் பேசினுக்குள் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில், விரலைத் தேடிக்கொண்டு பேசினுக்குள் வந்த மூக்கு தீவனத்தில் அழுந்தியது. தும்மியது. மூக்கில் ஒட்டிய மாவை நாக்கால் வழித்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு தானாகவே குனிந்து ஒரு வாய் எடுத்தது. இன்னொரு வாய். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீர்.

சனிக்கிழமை மாலை வைத்த தீவனத்தை முழுக்கத் தின்று, காலிப் பேசினை நக்கி நக்கித் தரையில் தள்ளிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போட்டேன். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது. துப்பட்டாவைத் தேடவில்லை, முழங்கையைத் தேடவில்லை. திரும்பவும் பேசினுக்குள் குனிந்துகொண்டது. ஐந்து நிமிடம் நின்றேன். அதன் வால்கூட என் பக்கம் ஆடவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் என் அறைக்குப் போனேன். சூட்கேஸைத் திறந்தேன். ஒரே ஒரு பாட்டில்தானே, இவ்வளவு நல்ல பிள்ளைக்கு ஒரு அரைப் பாட்டில் கொடுத்தால் என்ன என்று எனக்குள் ஒரு வாதம் ஓடியது. அடுப்பிலிருந்த பாலை ஊற்றி, காம்பை மாட்டி, துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வாசல் படி இறங்கினேன். எதிரில் அம்மா.

"எங்க போற?"

"பாட்டில் கழுவலாம்னு."

"பாலோடவா?"

அம்மா இடது கையை நீட்டினார்.

"நாளைக்குக் காலையில புரோக்கரு வர்ற நேரத்துக்கு இது பாட்டிலுக்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். உங்கப்பா கயித்தப் புடிச்சுக் குடுத்துடுவாரு. நீ பஸ்ஸு ஏறிப் போயிடுவ. நான்தான் வெறுங் கட்டுத்தரையப் பாத்துக்கிட்டு இருக்கணும். குடு இங்க."

கொடுத்தேன். அம்மா காம்பைப் பிடுங்கி என் கையில் வைத்துவிட்டு, பாலைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினார். "டீத்தூள எடு" என்றார்.

டீ கொதிக்கும்போது அப்பா வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நேரே கட்டுத்தரைக்குப் போனார். கன்று பேசினில் இருந்தது. அப்பா கட்டை விரலை அதன் வாய்க்கு நேராக நீட்டினார். ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, தின்பதைத் தொடர்ந்தது. விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அது உடம்பைத் திருப்பி, அவருக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. அப்பா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு வர வேண்டாமுங்க. ஆமாங்க, கன்னு தீவனம் எடுத்துக்கிச்சுங்க. இல்லீங்க, வெலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, குடுக்கறதா இல்லீங்க. நீங்க வேற ஊடு பாருங்க."

அம்மாவுக்கு அது கேட்டது. டீயை மூன்று டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தவர், அப்பாவின் டம்ளரில் மட்டும் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். மூவரும் வாசல் படியில் உட்கார்ந்து குடித்தோம். பேசின் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் தலை தெரிந்தது. "என்ன, சத்தத்தையே காணோம். வித்துப்போட்டீங்களா?"

"இல்லக்கா" என்றார் அம்மா. "தின்னுக்கிட்டிருக்குது."